கறுப்பு மொச்சை

நாற்பத்தாறு வயதாகியும் அவளை எல்லோரும் சின்ன சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தக் கன்னியர் மடத்தில் அவளுக்குப் பிறகு யாரும் சேரவில்லை. சேர்ந்திருந்தால் அந்தப் பட்டத்தை அவர்கள் தலையில் கட்டிவிட்டு இவள் கொஞ்சம் பெரியவளாகியிருக்கலாம். அதற்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஒரு காலத்தில் முப்பத்திரண்டு பேர் இருந்த மடம் அது. நீளமான நடையின் இரண்டு பக்கமும் அறைகள். இப்போது ஐந்து அறைகளில்தான் விளக்கு எரியும், ஆறாவதில் புதிதாக வந்த பெண் இருந்தாள். மற்ற அறைகளில் கட்டில்கள் மெத்தை இல்லாமல் கம்பி தெரியக் கிடந்தன. மடம் நடத்திய பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டு பிறகு அதையும் மூடி, இப்போது அந்தக் கட்டடத்தில் உடற்பயிற்சிக்கூடம் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மூன்று ஊருக்குப் பொதுவான ஒரு ஃபாதர் காரில் வருவார். பூசைக்கு வருகிறவர்களை ஒரே பார்வையில் எண்ணிவிடலாம். போன மாதம் வாசலில் நின்று போட்டோ எடுத்த ஒரு ஜோடி, உள்ளே போக டிக்கெட் எங்கே வாங்க வேண்டும் என்று சின்ன சிஸ்டரிடமே கேட்டார்கள். அவள் கையில் மலப்பாத்திரம் இருந்தது. இன்றைக்கு விடுமுறை என்று சொல்லி அனுப்பினாள்.

மடத்தில் அவளைத் தவிர நாலு பேர். தலைமைச் சகோதரி மதர், எழுபத்தாறு வயது, ஒரு கண்ணில் புரை. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையாக இருந்த டீச்சர் சிஸ்டர், காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறந்துவிட்டு இன்னும் டிபன் வரவில்லையே என்பார். மூன்று வருஷமாகப் படுத்த படுக்கையாக இருப்பவர் கட்டில் சிஸ்டர். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். நாலாவது ஆள் சமையல் சிஸ்டர். எண்பத்தொரு வயதில் இன்னும் அடுப்பை விட்டுக்கொடுக்காதவர், நாக்கில் நல்ல வார்த்தையே வராதவர்.

சமையல் சிஸ்டர் மேல் சின்ன சிஸ்டருக்குப் பதினெட்டு வருஷத்துப் பழைய கணக்கு ஒன்று இருந்தது.

அந்த மடத்தில் யாரையாவது சேர்ப்பதென்றால் மொச்சைக்கொட்டையால்தான் ஓட்டு. ஆளுக்கு ஒரு வெள்ளை மொச்சை, ஒரு கறுப்பு மொச்சை கொடுப்பார்கள். சம்மதமென்றால் வெள்ளையை, இல்லையென்றால் கறுப்பை, கையை அங்கியின் கைக்குள் மறைத்துக்கொண்டு மரப்பெட்டியின் ஓட்டையில் போட வேண்டும். மிஞ்சியதை ஒரு தகர டப்பாவில் போட்டுவிட வேண்டும். பாதிக்கு மேல் வெள்ளை விழுந்தால் சேர்த்துக்கொள்வார்கள். வெள்ளை எத்தனை, கறுப்பு எத்தனை என்பதைச் சேர வந்தவரிடம் மறைக்கக் கூடாது. எதை யார் போட்டது என்பதை எந்தக் காலத்திலும் சொல்லக் கூடாது. இரண்டுமே விதி. வீட்டில் இருப்பவர்களில் வயதில் இளையவர்தான் போய்ச் செய்தி சொல்ல வேண்டும் என்பதும் விதி.

இருபத்தெட்டு வயதில், தபாலாபீஸ் வேலையை விட்டுவிட்டு, அம்மாவிடமும் அண்ணனிடமும் சண்டை போட்டுக்கொண்டு வந்தவளுக்கு விழுந்தது பத்து வெள்ளை, ஒரு கறுப்பு. அந்த ஒன்று யாருடையது என்று கண்டுபிடிக்க ஜோசியம் தேவைப்படவில்லை. வந்த நாளிலிருந்து அவள் உரித்த வெங்காயத்தில் குற்றம், கழுவிய பாத்திரத்தில் குற்றம். ஒருநாள் சமையல் சிஸ்டர் முகத்துக்கு நேராகவே, "வெளிய இவ்வளவு பெரிய உலகம் கெடக்கு, உனக்கு இந்த வீடுதான் கெடச்சுதா" என்று கேட்டார். அன்றிலிருந்து அவருக்கு வணக்கம் சொல்வதோடு சரி.

வெள்ளை போட்ட பத்துப் பேரையும் அவள் தலைமேல் வைத்துத் தாங்கினாள். அதில் ஏழு பேரைத் தன் கையாலேயே குளிப்பாட்டி, அங்கி உடுத்தி, சவப்பெட்டியில் கிடத்தினாள். அம்மா பதினோரு மாதம் படுக்கையில் கிடந்தபோது ஆறு மாதம் விடுப்புக் கேட்டாள். நீ இப்போது கடவுளின் குடும்பம், பழைய குடும்பத்தை மனசில் வைத்துக்கொண்டு இங்கே இருக்க முடியாது என்று சொல்லி மதர் நாலு நாள் கொடுத்தார். அந்த நாலு நாளில் ஒருநாள் அண்ணன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அங்க யாரோ கெழவிங்களுக்கு எல்லாம் செய்ற. பெத்தவளுக்கு மட்டும் லீவு இல்லையா?" கடவுளின் அழைத்தல் என்று வந்துவிட்டால் இதெல்லாம் சிலுவை, தாங்கத்தான் வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அம்மா போனபோது முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை.

அப்படிப்பட்டவளுக்குப் போன வருஷம் மனசு குளிர ஒன்று நடந்தது. வாராவாரம் மாத்திரை வாங்கப் போகும் மருந்துக்கடையில் வேலை பார்த்த பெண், இருபத்தேழு வயது, ஒருநாள் சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்: "சிஸ்டர், நீங்க எப்பவும் அவசரமாத்தான் வர்றீங்க. ஆனா ஒரு நாளும் பதறி நான் பாத்ததில்ல. அது எப்படி?" அந்த ஒரு கேள்வியில் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தாள். பிறகு வார நாளிலும் வந்து பின் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நானும் வரட்டுமா என்று அவள் கேட்டபோது, சின்ன சிஸ்டர் யோசிக்கக்கூட இல்லை. வா என்றாள். வேலையை விட்டு, வாடகை அறையைக் காலி செய்து, அப்பா முகம் கொடுத்துப் பேசாமலிருக்க, ஒரே பெட்டியோடு வந்து சேர்ந்தாள் மருந்துக்கடைப் பெண். இப்போது எட்டு மாதமாகிறது. மற்றவர்களை சிஸ்டர் என்பாள், இவளை மட்டும் அக்கா.

வந்த அன்று மதர் அவள் தோளைத் தட்டிப் பார்த்து, "எவ்வளவு எடை தூக்குவ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பள்ளியில் கைப்பந்து ஆடியவள் அவள், நன்றாகவே தூக்குவேன் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சின்ன சிஸ்டரும் சிரித்தாள். தன்னிடமும் இதே கேள்வியை மதர் கேட்டது அப்போது அவள் நினைவுக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மொச்சை போடுவதென்று முடிவாயிற்று. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை ஐந்தாவது நாளாக மழை. கட்டில் சிஸ்டரின் விரிப்புகள் காயாமல், உணவறையில் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஈரத்துணியை விலக்கி விலக்கித்தான் நடக்க முடிந்தது. மதர் கண் டாக்டரிடம் போயிருந்தார். போன இடத்திலிருந்து போன் செய்து, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை விட்டுவிட்டு வந்துவிட்டேன், மேஜையில் இரண்டாவது இழுப்பறையில் இருக்கும், அதிலிருந்து எண்ணை மட்டும் வாசித்துச் சொல் என்றார்.

சின்ன சிஸ்டர் தபாலாபீசில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்த கை அல்ல அது. சீட்டைத் தேடும்போது கோப்பு சரிந்து தரையில் கொட்டியதும், மேலே கிடந்த தாளில் தன் பெயர் இருந்ததும்தான் தப்பாகப் போயிற்று.

பதினெட்டு வருஷத்துக்கு முன் மதர் சபைத் தலைமையகத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல்: "இங்குள்ள முதிய சகோதரிகளைத் தூக்கவும் புரட்டவும் உடல்வலுவுள்ள ஒருவர் அவசியம் தேவைப்படுகிறார். இந்த இல்லத்தில் இனிப் புதியவர்களைச் சேர்ப்பதில்லை என்ற தீர்மானத்திலிருந்து இவர் ஒருவருக்கு மட்டும் விலக்கு அளிக்க வேண்டுகிறோம். முதியோர் அனைவரும் காலமான பின் இல்லத்தை மூடிவிட்டு, இவரை வசதிப்படி வேறெங்காவது மாற்றிக்கொள்ளலாம்."

அதன் கீழே இன்னொரு நகல். போன மாதத் தேதி. பெயர் மருந்துக்கடைப் பெண்ணுடையது. வாசகம் எழுத்து மாறாமல் அதேதான். கடைசியில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது: "ஏற்கெனவே உள்ளவருக்கு முதுகெலும்பு தேய்ந்துவிட்டது. இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் அவரை நம்பியிருக்க முடியாது."

போனில் மதர் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சின்ன சிஸ்டர் சீட்டைத் தேடி எடுத்து, எண்ணை ஒன்றொன்றாக, பிசகில்லாமல் வாசித்துச் சொன்னாள். பிறகு இரண்டு தாளையும் மடித்து அங்கிப் பைக்குள் வைத்தாள். அழைத்தார் அழைத்தார் என்று பதினெட்டு வருஷமாக ஜெபத்தில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாளே, அழைத்தது யார், எதற்கு என்று இந்தத் தாளில் எழுதியிருக்கிறது. ஆள் தேவை. அவ்வளவுதான்.

நேராகச் சமையலறைக்குப் போனாள். சமையல் சிஸ்டர் முக்காலியில் உட்கார்ந்து சூப்புக்குக் கேரட் சீவிக்கொண்டிருந்தார். சின்ன சிஸ்டர் தாள்களை அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுக்கவில்லை. தாளைத் தொட்டும் பார்க்கவில்லை. அதிலேயே பதில் கிடைத்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும். தலைமையகத்துக்கு அனுப்பறதுக்கு முன்னாடி எங்க எல்லாரையும் உக்கார வெச்சு மதர் வாசிச்சுக் காட்டினாங்க."

"அப்புறமும் பத்துப் பேரு வெள்ளை போட்டாங்க."

"போட்டாங்க."

"அந்தக் கறுப்பு நீங்கதான்."

சமையல் சிஸ்டர் கேரட்டைக் கீழே வைத்தார். "சொல்லக் கூடாதுன்னு விதி. சரி, இந்த வயசுல என்ன விதி. நான்தான். மூடப்போற வீட்டுக்குள்ள ஒரு சின்னப் பொண்ண இழுத்து விடறது பாவம்னு பட்டுது."

பதினெட்டு வருஷம் முகம் பார்க்காமல் ஒதுக்கி வைத்தவரின் எதிரே சின்ன சிஸ்டர் நின்றாள். இந்த வீட்டில் தனக்கு நல்லது நினைத்தது இந்த ஒரு ஆள்தான் என்று அப்போதுதான் புரிந்தது. ஆனால் அதோடு விடவும் மனசில்லை.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. எங்கம்மா படுத்துக் கெடந்தப்பவாவது சொல்லியிருக்கலாமே."

கிழவி வெகுநேரம் கேரட் தோலைத் திரட்டித் திரட்டி ஒரு ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"மொதல் வருஷம் விதின்னு வாய மூடினேன். உன்னைத் திட்டித் திட்டிப் பாத்தேன், கோவிச்சுக்கிட்டாவது போயிடுவியான்னு. நீ போகல. உங்கம்மா படுத்தப்போ எனக்கு மொழங்கால் போயிடுச்சு. நீதான் என்னை நடக்க வெச்ச, ஞாபகம் இருக்கா? அப்ப சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. இவளும் போயிட்டா என்னை யாரு தூக்குவான்னு நெனச்சுட்டேன்." நிமிர்ந்து பார்த்தார். "மத்தவங்க அன்னைக்கே நெனச்சாங்க. எனக்கு நெனைக்க ஏழு வருஷம் ஆச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்."

சின்ன சிஸ்டருக்கு அழுகைகூட வரவில்லை. கேரட்டை எடுத்து மிச்சத்தைச் சீவிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் மதரிடம் கேட்டாள். தாள்களைப் பார்த்ததும் மதர் மேஜையை ஏன் குடைந்தாய் என்று கேட்கவில்லை. அந்த மட்டுக்கும் நியாயமான மனுஷி. நல்ல கண்ணால் அவளை நேராகப் பார்த்தார்.

"உன்னைப் பிடிச்சுதான் சேத்தேன். நல்ல அழைத்தல் உள்ள பொண்ணுன்னு எழுதினா அவங்க அனுமதி தரமாட்டாங்க. ஆள் இல்லாம தவிக்கறோம்னு எழுதினாத்தான் தருவாங்க. அவங்களுக்குப் புரியற பாஷையில எழுதினேன்."

சின்ன சிஸ்டர் அதை நம்பப் பார்த்தாள். நம்பினால் எவ்வளவு சௌகரியம். நம்பிவிட்டுப் போய் வழக்கம்போல விரிப்பு மாற்றலாம்.

"அப்ப, முதுகு தேஞ்சிடுச்சு, இனி நம்ப முடியாதுன்னு எழுதினதும் அந்த பாஷைதானா மதர்?"

மதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மழை விட்டபாடில்லை.

"எங்களை என்ன செய்யச் சொல்ற?" என்றார். "அரசாங்க முதியோர் இல்லத்துல கொண்டு போய்ப் போட்டுடுவாங்க. சாகற நேரத்துல பக்கத்துல உக்காந்து ஜெபம் சொல்ல அங்க யாரு இருக்கா? டிவி ஓடிக்கிட்டிருக்கும். ஊர்ல யாருக்கும் நாம வேண்டாம். நம்மளத் தேடி ஒருத்தி வர்றா. எதுக்குன்னாலும் வர்றா. வேண்டாம்னு கதவைச் சாத்தவா?"

"கதவைத் தெறங்க மதர். உள்ள என்ன இருக்குன்னு சொல்லிட்டுத் தெறங்க."

சொன்னால் யார் வருவார்கள் என்றார் மதர். சொல்லாமல் கூட்டிவருவதற்குப் பெயர் நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று சின்ன சிஸ்டர் சொன்னாள். அந்த வீட்டில் மதரிடம் அப்படிப் பேசியவர்கள் கிடையாது.

இவ்வளவு பேசியவள், சொல்ல வேண்டியவளிடம் மட்டும் சொல்லவில்லை. புதன்கிழமை போயிற்று, வியாழக்கிழமையும் போயிற்று. இரண்டு நாளும் வழக்கம்போல மருந்துக்கடைப் பெண் கட்டில் சிஸ்டரின் தோள்பக்கம் நின்று பாரம் முழுவதையும் தான் வாங்கிக்கொண்டாள். சின்ன சிஸ்டருக்கு, முதுகுவலிக்குக் கட்டும் இடுப்பு பெல்ட்டின் ஞாபகமே வரவில்லை. இரண்டு நாளும் வாயைத் திறக்கப் போய், ஏதோ சோப்பைப் பற்றியும் விரிப்பைப் பற்றியும் பேசிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மரப்பெட்டி வெளியே வந்தது. கட்டில் சிஸ்டரால் எழ முடியாது என்பதால் அவருடைய அறையிலேயே கூடினார்கள். மொச்சைகள் நாற்பது வருஷமாக அதே பிஸ்கட் டப்பாவில் இருப்பவை, வழுவழுவென்று கூழாங்கல் மாதிரி ஆகிவிட்டவை. இதை எப்போது சமைக்கப் போகிறீர்கள் என்று டீச்சர் சிஸ்டர் கேட்டார். யாருக்கு ஓட்டு என்று இரண்டு தரம் கேட்டார். பதில் வருவதற்குள் போட்டுவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். கட்டில் சிஸ்டரின் கையைப் பெட்டியின் ஓட்டை வரை தூக்கிப் பிடித்தவள் சின்ன சிஸ்டர். எந்த நிறம் என்று பார்க்காமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு தன்னுடையதைப் போட்டாள்.

மதர் பெட்டியைப் படுக்கை விரிப்பின் மேல் கவிழ்த்தார். மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு.

"மூணு இருக்கு. போதும்," என்றார் மதர். சமையல் சிஸ்டர் யாரையும் பார்க்காமல் மொச்சைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டார். மதர் தானே எழுந்து கதவுப் பக்கம் போகப் பார்த்தார்.

"விதிப்படி இளையவதான் சொல்லணும்," என்றாள் சின்ன சிஸ்டர். மதர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

மருந்துக்கடைப் பெண் உணவறையில் தொங்கும் விரிப்புகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் காய்ந்ததை மடித்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் இரண்டு விரிப்புக்கு நடுவிலிருந்து முகத்தை நீட்டினாள்.

"எத்தனை அக்கா?"

"மூணு வெள்ளை. ரெண்டு கறுப்பு. சேத்துக்கிட்டாங்க."

அவள் மடித்த துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு சிரித்தாள். "ஒரு கறுப்பு யாருன்னு எனக்குத் தெரியும், சமையல் சிஸ்டர்தான். எந்நேரமும் திட்டறாங்களே. இன்னொண்ணு யாரு?"

"அதைச் சொல்லக் கூடாதுன்னு விதி," என்றாள் சின்ன சிஸ்டர். "நான்தான்."

சிரிப்பு அந்த முகத்திலிருந்து உடனே போய்விடவில்லை. இது ஏதோ விளையாட்டு, மிச்சத்தையும் சொல்லட்டும் என்று காத்திருந்தது. சின்ன சிஸ்டர் பையிலிருந்த தாள்களை எடுத்து நீட்டினாள்.

அந்தப் பெண் நின்றபடியே படித்தாள். முதலில் தன் பெயர் இருந்ததை, பிறகு பழையதை, பிறகு மறுபடியும் தன்னுடையதை. மருந்துச் சீட்டுகளைப் படித்துப் பழகிய கண், ஒரு வரியையும் விடாது.

"முதுகு தேஞ்சவங்கன்னு எழுதியிருக்கே, நீங்களா?"

"நான்தான். உன்கிட்ட இருன்னும் சொல்ல மாட்டேன், போன்னும் சொல்ல மாட்டேன். தெரிஞ்சு முடிவு பண்ணு. எனக்கு அது கெடைக்கல."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் என்று ஒரு வார்த்தை போதும்.

"செவ்வாய்க்கிழமை."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

"ஆமா."

"மூணு நாள் என்கூட நின்னு அவங்களைத் தூக்கினீங்க. ஒண்ணும் சொல்லல."

"நீ தூக்கினா எனக்கு வலிக்கல," என்றாள் சின்ன சிஸ்டர். வேறு விளக்கம் அவளிடம் இல்லை. "சொல்லாமலே விட்டுடலாமான்னுகூட நெனச்சேன்."

அந்தப் பெண் அவளைப் பார்த்த பார்வையைச் சின்ன சிஸ்டருக்கு அடையாளம் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை சமையலறையில் நின்று, கேரட் தோலை ஒதுக்கும் ஒரு கிழவியைத் தானும் இப்படித்தான் பார்த்திருக்க வேண்டும்.

நாலு மணி. நடையின் கோடியில் கட்டில் சிஸ்டரின் கைமணி அடித்தது, புரட்டிப் படுக்க வைக்கும் நேரம். எட்டு மாதமாக அந்த மணிக்கு முதலில் ஓடுவது மருந்துக்கடைப் பெண்தான். இன்று அவள் நகரவில்லை. கையில் தாளோடு, ஈர விரிப்புகளுக்கு நடுவில், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். மணி மறுபடியும் அடித்தது.

சின்ன சிஸ்டர் தன் அறைக்குப் போய் இடுப்பு பெல்ட்டை எடுத்துக் கட்டி, ஒரு துளை தள்ளி இறுக்கிக்கொண்டாள். நடையில் நடக்கும்போது பின்னால் காலடி கேட்கிறதா என்று ஒரு தரம் காதைக் கொடுத்தாள். மழைச் சத்தம்தான் கேட்டது.

கட்டில் சிஸ்டரின் கழுத்துக்கடியில் ஒரு கையையும் இடுப்புக்கடியில் ஒரு கையையும் கொடுத்துக் குனிந்தாள். கிழவி கண்ணைத் திறந்து கதவுப் பக்கம் பார்த்தார்.

"இன்னைக்கு ஒரு ஆளுதானா?"

"ஆமா சிஸ்டர்," என்றாள். "ஒரு ஆளுதான். என்னைப் பிடிச்சுக்குங்க."